ரிப்போர்ட்டில் உள்ள சொல் எந்தக் கேள்விக்குப் பதில்?

ஸ்கேன் ரிப்போர்ட்டில் 'லீஷன்' என்று ஒரு சொல் இருந்தால் போதும், வீட்டில் எல்லோருக்கும் முகம் வெளிறிவிடும். லீஷன் என்றால் இயல்பான திசுவிலிருந்து மாறுபட்டுத் தெரியும் ஓர் இடம், அவ்வளவுதான். வாய்ப்புண்ணும் லீஷன், நீர்க்கட்டியும் லீஷன், புற்றுநோய்க் கட்டியும் லீஷன். 'இங்கே ஏதோ மாறியிருக்கிறது' என்பதைத் தாண்டி அந்தச் சொல் எதுவும் சொல்வதில்லை. அது என்ன, ஏன் வந்தது, எவ்வளவு தூரம் போகும் என்பதையெல்லாம் சொல்ல வேறு சொற்கள் இருக்கின்றன.

இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். 'இரத்தச்சோகை' என்று கேட்டதும் நோய் என்னவென்று தெரிந்துவிட்டது, இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டால் சரியாகிவிடும் என்று நிம்மதியாகிவிடுவோம். ஆனால் ஹீமோகுளோபின் குறைந்திருக்கிறது என்ற செய்திக்கு மேல் அந்தச் சொல்லில் ஒன்றுமில்லை. ஒரு டெசிலிட்டர் (100 மில்லி) இரத்தத்தில் ஆண்களுக்கு 13 கிராமுக்குக் கீழே, கர்ப்பமில்லாத பெண்களுக்கு 12 கிராமுக்குக் கீழே இருந்தால் இரத்தச்சோகை என்று உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கிறது. ஏன் குறைந்தது என்பது தனிக் கேள்வி. மாதவிடாயில் அதிகப்படியான இரத்தப்போக்கு இருக்கலாம், சிறுநீரகக் கோளாறு இருக்கலாம், வைட்டமின் பி12 குறைவு இருக்கலாம், பிறப்பிலேயே வந்த தலசீமியா என்ற இரத்தக் கோளாறு இருக்கலாம். வயதான ஒருவருக்குப் புதிதாக இரும்புச்சத்துக் குறைந்தால் மருத்துவர் குடலை உள்நோக்கிப் பார்க்கச் சொல்வது இதனால்தான். பெருங்குடலில் உள்ள ஒரு கட்டி மாதக்கணக்கில் கண்ணுக்குத் தெரியாமல் இரத்தம் கசிந்து, வெளியே வெறும் சோர்வாக மட்டும் தெரியலாம்.

தேவையில்லாத பயமும் தேவையில்லாத நிம்மதியும் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் பிறக்கின்றன: ஒரு கேள்விக்கான பதிலை இன்னொரு கேள்விக்கான பதிலாக எடுத்துக்கொள்வதில். நோயாளியும் அவரைக் கவனித்துக்கொள்பவரும் நூற்றுக்கணக்கான சொற்களை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. கையிலுள்ள சொல் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் அடுத்து என்ன கேட்க வேண்டும் என்பது தானாகவே தெரிந்துவிடும்.

உணர்வது, காண்பது, பெயரிடுவது

தலைவலி, குமட்டல், அரிப்பு, சோர்வு ஆகியவை நோயாளி உணர்ந்து சொல்பவை. வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு அவை தெரியாது. மஞ்சள் படிந்த கண், வீங்கிய கால், ஸ்டெதாஸ்கோப்பில் கேட்கும் இரைச்சல், உயர்ந்த இரத்த அழுத்தம் ஆகியவை இன்னொருவர் பார்க்கவோ அளக்கவோ கூடியவை. மருத்துவத்தில் முதல் வகையைச் சிம்ப்டம் என்றும் இரண்டாவதைச் சைன் என்றும் தனித்தனியாகக் குறித்துக்கொள்வார்கள். நாம் இரண்டையுமே அறிகுறி என்றுதான் சொல்கிறோம். 'சிம்ப்டம் எதுவும் இல்லை' என்று ரிப்போர்ட்டில் இருந்தால் நோய் இல்லை என்று பொருளாகாது. உயர் இரத்த அழுத்தம் பல ஆண்டுகள் எந்த உணர்வும் தராமல் இருந்துகொண்டே இரத்தக் குழாய்களைக் கெடுக்கும்.

சில அறிகுறிகள் அடிக்கடி சேர்ந்தே வருவதைக் கவனித்து, காரணம் தெரிவதற்கு முன்பே அந்தக் கூட்டத்துக்கு ஒரு பெயர் வைத்தால் அது சிண்ட்ரோம். எய்ட்ஸ் இதற்கு மிகத் தெளிவான சான்று. 1981 ஜூனில் லாஸ் ஏஞ்சலிஸில் இளைஞர்கள் 5 பேருக்கு அபூர்வமான ஒரு நிமோனியா வந்திருப்பதாக அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் செய்தி வெளியிட்டது. 1982இல் எய்ட்ஸ் என்ற பெயர் வந்தது. அந்த ஆங்கிலப் பெயரின் (AIDS) கடைசி எழுத்து சிண்ட்ரோம் என்பதைத்தான் குறிக்கிறது; அப்போது காரணம் தெரியாது. 1983இல் பாரிஸின் பாஸ்டர் நிறுவனத்தில் வைரஸைப் பிரித்தெடுத்தார்கள். அதன் பிறகுதான் நோய் எதனால் என்ற கேள்விக்கு உறுதியான பதில் கிடைத்தது. இன்றும் ஒரு ரிப்போர்ட்டில் சிண்ட்ரோம் என்று பார்த்தால், 'இதன் காரணம் என்னவென்று தெரிந்திருக்கிறதா?' என்று தயங்காமல் கேட்கலாம். சில சிண்ட்ரோம்களுக்குத் தெரியும், சிலவற்றுக்குத் தெரியாது.

காரணம் தெரியாதபோது மருத்துவர்கள் எழுதும் சொல் 'இடியோபதிக்'. கேட்பதற்கு ஏதோ தனி நோய் போல ஒலிக்கும். 'தேடிப் பார்த்தோம், காரணம் கிடைக்கவில்லை' என்பதே அதன் பொருள். உயர் இரத்த அழுத்தத்தில் 'பிரைமரி' அல்லது 'எசென்ஷியல்' என்று வருவதும் ஏறக்குறைய இதுதான். உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்களில் மிகப் பெரும்பான்மையோருக்கு இன்னதுதான் என்று சுட்டிக்காட்டக்கூடிய ஒற்றைக் காரணம் இருப்பதில்லை. சிறுநீரக இரத்தக் குழாய் சுருங்கியதால் வந்தது என்பது போன்ற காரணம் கிடைத்தால் அது 'செகண்டரி' ஆகிவிடும். இங்கே பிரைமரி என்றால் தொடக்க நிலை என்றும், செகண்டரி என்றால் இரண்டாம் நிலைக்கு முற்றிவிட்டது என்றும் எடுத்துக்கொள்வது பரவலாக இருக்கிறது. அப்படிக் கிடையாது.

காரணத்தையும் ஆபத்துக் காரணியையும் குழப்பிக்கொள்வதும் இதே ரகம். ரிஸ்க் ஃபேக்டர் என்பது நோய் வரும் வாய்ப்பைக் கூட்டும் விஷயம். அது இருந்தும் நோய் வராதவர்கள் உண்டு. இல்லாமலேயே வந்தவர்களும் உண்டு. புகைப்பழக்கமே இல்லாத ஒருவருக்கு நுரையீரல் புற்றுநோய் வந்தால் 'எப்படி வந்தது?' என்று சுற்றியிருப்பவர்கள் சந்தேகத்தோடு கேட்பதைப் பார்க்கும்போது மனசு வலிக்கிறது. ஆபத்துக் காரணிகளின் பட்டியலைக் குற்றப்பத்திரிகையாக வாசிப்பதில் யாருக்கும் எந்த நன்மையும் இல்லை.

காரணம் என்ற கேள்விக்கு வந்த பதில் தலைகீழாக மாறியதும் உண்டு. வயிற்றுப்புண்ணுக்கு மன அழுத்தமும் அமிலமுமே காரணம் என்று நீண்ட காலம் நம்பினார்கள். ஆஸ்திரேலியாவின் ராபின் வாரன், பாரி மார்ஷல் இருவரும் இரைப்பைத் திசுவில் ஒரு சுருள் பாக்டீரியா இருப்பதைக் கவனித்து, 1982இல் அதை ஆய்வகத்தில் வளர்த்தும் காட்டினார்கள். யாரும் எளிதில் நம்பவில்லை. மார்ஷல் அந்தக் கிருமிக் கரைசலைத் தானே குடித்து இரைப்பை அழற்சியை வரவழைத்துக்கொண்டார். ஹெலிகோபாக்டர் பைலோரி என்று பின்னர் பெயர் பெற்ற அந்தக் கிருமிக்காக 2005இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. நோயின் பெயர் அன்றும் இன்றும் அல்சர்தான். காரணம் என்ற இடத்தில் எழுதியது மாறியது. அதோடு சிகிச்சையும் மாறியது.

அக்யூட் என்றால் கடுமை அல்ல

காலத்தைச் சொல்லும் சொற்களைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். அக்யூட் என்றால் திடீரென்று வந்தது, குறுகிய காலத்தது. கிரானிக் என்றால் நீடிப்பது. தீவிரத்தைச் சொல்ல மைல்ட், மாடரேட், சிவியர் என்று தனிச்சொற்கள் இருக்கின்றன. சாதாரணச் சளிகூட அக்யூட்தான். கிரானிக் சிறுநீரக நோய் எந்த வலியும் இல்லாமல் உயிருக்கே ஆபத்தாக முடியலாம். அக்யூட்டைப் பார்த்துப் பதறுவதும், கிரானிக்கைப் பார்த்து 'பழைய நோய்தானே, பார்த்துக்கலாம்' என்று விடுவதும் இரண்டுமே தவறு. என்னைக் கேட்டால் பின்னதுதான் அதிகக் கேடு செய்கிறது.

அழற்சி வேறு, தொற்று வேறு

நோய் உடலின் எந்த இடத்தில் குடியிருக்கிறது என்ற கேள்வியை முறைப்படி எழுப்பியவர் இத்தாலிய மருத்துவர் மோர்கக்னி. தன் 79ஆவது வயதில், 1761இல், நூற்றுக்கணக்கான பிரேதப் பரிசோதனைகளின் குறிப்புகளை வெளியிட்டார். உயிரோடு இருந்தபோது நோயாளி பட்ட துன்பத்தையும், இறந்த பிறகு உறுப்பில் கண்ட மாற்றத்தையும் அவர் ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்தார். அதற்கு ஏறக்குறைய நூறாண்டுகள் கழித்து 1858இல் ஜெர்மனியின் ருடால்ஃப் விர்கோ அந்தப் பார்வையை உறுப்பிலிருந்து செல்லுக்குக் கொண்டுபோனார். இன்று பயாப்சி (உடலிலிருந்து எடுத்த திசுத் துணுக்கைப் பரிசோதிப்பது) ரிப்போர்ட்டில் வரும் சொற்கள் பெரும்பாலும் அந்த வழியில் வந்தவை. அவை செல்களும் திசுவும் எப்படி மாறியிருக்கின்றன என்பதைச் சொல்பவை.

அவற்றில் அதிகம் கண்ணில் படுவது '-ஐட்டிஸ்' என்ற விகுதி. ஆர்த்ரைட்டிஸ் (மூட்டு), ஹெபடைட்டிஸ் (கல்லீரல்), அப்பெண்டிசைட்டிஸ் (குடல்வால்) எல்லாம் அந்தந்த உறுப்பின் அழற்சி. சிவப்பு, வீக்கம், சூடு, வலி என்று அழற்சியின் நான்கு அடையாளங்களை ரோமாபுரியின் செல்சஸ் முதலாம் நூற்றாண்டிலேயே எழுதிவைத்தார். இரத்தக் குழாய் விரிவதால் சிவப்பும் சூடும், குழாய்ச் சுவர் வழியே நீர் கசிவதால் வீக்கமும், நரம்பு முனைகள் தூண்டப்படுவதால் வலியும் வருகின்றன. உடல் தன்னைக் காத்துக்கொள்ளச் செய்யும் வேலை இது.

தொற்று என்பது கிருமி உள்ளே புகுந்து பெருகுவது. தொற்று வந்தால் அழற்சி வரும் என்பதால் இரண்டும் ஒன்றுதான் என்று மனதில் பதிந்துபோகிறது. வெயிலில் தோல் கன்றிப்போவது அழற்சி. கிருமி எதுவும் இல்லை. கவுட் என்பது மூட்டில் யூரிக் அமிலப் படிகங்கள் சேர்வதால் வரும் அழற்சி. முடக்குவாதத்தில் உடலின் நோயெதிர்ப்பு அமைப்பே மூட்டைத் தாக்குகிறது. இவற்றில் ஆன்டிபயாடிக் எதையும் சாதிக்காது. மறுபக்கம், தொற்று இருந்தும் எந்தத் தொல்லையும் தெரியாமல் இருக்கலாம். உலக மக்கள்தொகையில் சுமார் நான்கில் ஒரு பங்கினருக்குக் காசநோய்க் கிருமித் தொற்று இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. அவர்களில் பெரும்பாலோருக்குக் காசநோய் வருவதே இல்லை. தொற்றுக்கும் நோய்க்கும் நடுவில் இவ்வளவு இடைவெளி இருக்கிறது.

இரத்தப் பரிசோதனையில் சிஆர்பி, ஈஎஸ்ஆர் கூடியிருப்பதும் அப்படித்தான். உடலில் எங்கோ அழற்சி இருக்கிறது என்று சொல்லும். எங்கே, எதனால் என்று சொல்லாது. அந்த எண்ணை மட்டும் பார்த்து 'இன்ஃபெக்ஷன் ஏறியிருக்கு, ஆன்டிபயாடிக் எழுதிக் கொடுங்கள்' என்று கேட்பது, வராத பதிலைக் கையில் வைத்துக்கொண்டு மருந்து கேட்பது.

இரத்த ஓட்டம் குறைவதற்கு இஸ்கீமியா என்று பெயர். அது நீடித்துத் திசு செத்துப்போனால் இன்ஃபார்க்ட். இந்த இரண்டுக்கும் இடையிலுள்ள நேரத்துக்காகத்தான் மாரடைப்பிலும் பக்கவாதத்திலும் ஓடவேண்டியிருக்கிறது. மாரடைப்பு வேறு, கார்டியாக் அரெஸ்ட் வேறு என்பதையும் சொல்லிவிட வேண்டும். முன்னதில் இதயத் தசையின் ஒரு பகுதிக்கு இரத்தம் நிற்கிறது, பெரும்பாலும் நோயாளி பேசிக்கொண்டுதான் இருப்பார். பின்னதில் இதயத்துடிப்பே பயனற்றுப்போய் நினைவு தப்பிவிடுகிறது. மார்பை அழுத்திச் செய்யும் முதலுதவி பின்னதற்குத்தான்.

ஒரு பயாப்சி ரிப்போர்ட்டை வரிவரியாக

எண்டோஸ்கோப்பியில் இரைப்பையிலிருந்து கிள்ளி எடுத்த ஒரு துணுக்கு என்று வைத்துக்கொள்வோம். அது முதலில் ஃபார்மலின் என்ற பதப்படுத்தும் திரவத்தில் ஊறும், பிறகு நீர் நீக்கப்பட்டு மெழுகில் பதியும், அப்புறம் சில மைக்ரான் தடிமனுக்குச் சீவப்படும். ஹீமடாக்சிலின் என்ற சாயம் செல்லின் உட்கருவை நீலமாக்கும், இயோசின் என்ற சாயம் சுற்றியுள்ளதை இளஞ்சிவப்பாக்கும். அதன் பிறகே நோயியல் மருத்துவர் கண்ணாடித் தகட்டை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்க்க முடியும். ரிப்போர்ட் வர நாளாவது பெரும்பாலும் இந்த வேலைகளால்தான். தாமதமானாலே கெட்ட செய்தி என்று உள்ளுக்குள் நடுங்கவேண்டாம்.

வந்த ரிப்போர்ட்டில் இப்படி இருக்கலாம்: 'கிரானிக் ஆக்டிவ் கேஸ்ட்ரைட்டிஸ். இன்டெஸ்டினல் மெட்டாபிளேசியா காணப்படுகிறது. டிஸ்பிளேசியா இல்லை. மாலிக்னன்சி இல்லை. ஹெலிகோபாக்டர் பைலோரி போன்ற கிருமிகள் உள்ளன.'

கேஸ்ட்ரைட்டிஸ் என்றால் இரைப்பை அழற்சி. கிரானிக் என்பதை இங்கே நாள்காட்டி பார்த்து எழுதுவதில்லை. லிம்போசைட், பிளாஸ்மா செல் போன்ற நீண்டகால அழற்சிக்குரிய செல்கள் திசுவில் கூடியிருப்பதைப் பார்த்து எழுதுகிறார்கள். ஆக்டிவ் என்றால் நியூட்ரோஃபில் என்னும் வெள்ளணுக்களும் வந்திருக்கின்றன, அழற்சி இப்போதும் நடந்துகொண்டிருக்கிறது. மெட்டாபிளேசியா என்றால் ஒரு வகைச் செல் இருக்க வேண்டிய இடத்தில் முதிர்ந்த இன்னொரு வகைச் செல் வந்து அமர்ந்திருக்கிறது. நீண்ட நாள் எரிச்சலைத் தாங்கத் திசு செய்துகொண்ட மாற்றம் அது. இங்கே இரைப்பை உட்சுவரின் ஒரு பகுதி குடல் சுவர் மாதிரி ஆகியிருக்கிறது. இது புற்றுநோய் அல்ல. எதிர்கால அபாயத்தைக் கொஞ்சம் கூட்டும் மாற்றம். இது உள்ளவர்களில் பெரும்பாலோருக்குப் புற்றுநோய் வருவதில்லை. டிஸ்பிளேசியா என்பது வேறு படி. அதில் செல்களின் உருவமும் அடுக்கும் ஒழுங்கு கெட்டிருக்கும்; புற்றுநோய்க்கு முந்தைய நிலையாக எடுத்துக்கொண்டு கண்காணிப்பார்கள் அல்லது அகற்றுவார்கள். அதுவும் மாலிக்னன்சியும், அதாவது புற்றுநோயும், இல்லை என்று ரிப்போர்ட் சொல்வது முக்கியமான நல்ல செய்தி. பலர் அந்த வரியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். கடைசி வரி காரணத்தைச் சொல்கிறது, கூடவே சிகிச்சையையும் கைகாட்டுகிறது: கிருமியை ஒழிக்க வேண்டும்.

ஐந்து சிறு வரிகளில் எங்கே, என்ன மாற்றம், எவ்வளவு காலமாக, எதுவரை போயிருக்கிறது, எதனால் என்ற ஐந்து பதில்கள் இருக்கின்றன. அழகாக எழுதப்பட்ட ரிப்போர்ட்டைப் படிக்கும்போது அதன் பின்னால் இருக்கும் கவனத்தின் மேல் எனக்குப் பெரிய மரியாதை வருகிறது.

'-பிளேசியா' குடும்பத்தில் இன்னும் இரண்டு பேர். ஹைப்பர்பிளேசியா என்றால் செல்களின் எண்ணிக்கை கூடியிருக்கிறது. வயதான ஆண்களின் புரோஸ்டேட் வீக்கம் பெரும்பாலும் இது. நியோபிளேசியா என்றால் கட்டுப்பாட்டை மீறிய புது வளர்ச்சி. அதிலும் பினைன் (புற்றுநோய் அல்லாதது), மாலிக்னன்ட் (புற்றுநோய்) என்று இரண்டு உண்டு. பினைன் கட்டி பக்கத்துத் திசுவுக்குள் ஊடுருவாது, தொலைவுக்குப் பரவாது. அதற்காகத் தொந்தரவே தராது என்றில்லை. மூளையுறையில் வரும் மெனிஞ்சியோமா பெரும்பாலும் பினைன்தான். மண்டை ஓட்டுக்குள் இடம் இல்லாததால் மூளையை அழுத்தி வலிப்பு வரவைக்கலாம். '-ஓமா' என்று முடிந்தாலே இன்னதுதான் என்றும் முடிவுகட்ட முடியாது. லைபோமா வெறும் கொழுப்புக் கட்டி, ஹீமடோமா உறைந்து தேங்கிய இரத்தம், மெலனோமாவும் லிம்போமாவும் புற்றுநோய்.

புற்றுநோய் என்று உறுதியான பிறகு வரும் இரண்டு எண்களையும் பிரித்துப் பார்க்க வேண்டும். கிரேடு என்பது செல்கள் எவ்வளவு உருக்குலைந்து இருக்கின்றன என்று மைக்ராஸ்கோப் சொல்வது. ஸ்டேஜ் என்பது உடலில் எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்பது: கட்டியின் அளவு, நிணநீர் முடிச்சுகள், தொலைவுப் பரவல் மூன்றையும் சேர்த்துக் கணிப்பார்கள். கிரேடு 3 என்று பார்த்துவிட்டு மூன்றாம் கட்டம் என்று குடும்பமே உடைந்துபோவதுண்டு. கிரேடு 3 கட்டி ஸ்டேஜ் 1இல் இருக்கலாம். இன்னொன்று: மார்பகப் புற்றுநோய் எலும்புக்குப் பரவினால் அது எலும்புப் புற்றுநோய் ஆகிவிடாது. எலும்பில் இருக்கும் மார்பகப் புற்றுநோய்தான், மருந்தும் அதற்கேற்றபடிதான்.

எண்களும் தயங்கும் சொற்களும்

இரத்தப் பரிசோதனையில் தடித்த எழுத்தில் வரும் எண்கள் தரும் கலக்கத்துக்கு ஒரு கணக்கு உதவும். நார்மல் அளவு என்பதைப் பொதுவாக ஆரோக்கியமானவர்களில் 95 சதவீதம் பேர் அடங்கும்படி வகுக்கிறார்கள். மீதி 5 சதவீதம் பேர் எந்த நோயும் இல்லாமலேயே எல்லைக்கு வெளியே விழுவார்கள். ஒன்றோடொன்று தொடர்பில்லாத 20 பரிசோதனைகளைச் செய்தால், முழு ஆரோக்கியமான ஒருவருக்கும் குறைந்தது ஒன்றாவது எல்லை தாண்டுவதற்கான வாய்ப்பு சுமார் 64 சதவீதம். எல்லையை ஒட்டி நிற்கும் ஒற்றை எண்ணை நோய் என்று அழைக்க மருத்துவர் தயங்குவது நியாயமானது.

பாசிட்டிவ் முடிவும் அப்படியே. 10,000 பேரில் 10 பேருக்கு மட்டும் உள்ள நோய் என்று கொள்வோம். நோய் உள்ளவர்களில் 90 சதவீதம் பேரைப் பிடிக்கும், நோயற்றவர்களில் 95 சதவீதம் பேரைச் சரியாக விட்டுவிடும் பரிசோதனை ஒன்று இருக்கிறது. நல்ல பரிசோதனைதான். அதில் நோயுள்ள 9 பேரோடு நோயில்லாத ஏறக்குறைய 500 பேருக்கும் பாசிட்டிவ் வரும். முதல் பரிசோதனைக்குப் பின் இரண்டாவது ஒன்றைச் செய்யச் சொல்வது இதற்காக.

'சஜஸ்டிவ் ஆஃப்' (இதுபோலத் தெரிகிறது), 'ரூல் அவுட் செய்ய முடியவில்லை' (இல்லை என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை), 'கிளினிக்கல் கோரிலேஷன் தேவை' (நோயாளியின் நிலையோடு பொருத்திப் பார்க்க வேண்டும்) போன்ற சொற்களைப் பார்த்து ஏதோ மறைக்கிறார்கள் என்று நினைப்பவர்கள் உண்டு. படத்தை மட்டும் பார்க்கும் ரேடியாலஜிஸ்ட் நோயாளியைப் பார்க்கவில்லை. படத்திலிருந்து எவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு சொல்கிறார். மீதியை நோயாளியைத் தொட்டுப் பார்க்கும் மருத்துவர் முடிவு செய்ய வேண்டும். 'அன்ரிமார்க்கபிள்' என்று எழுதியிருந்தால் சந்தோஷப்படலாம்: குறிப்பிட்டுச் சொல்லும்படி எதுவும் இல்லை.

இனி எப்படிப் போகும் என்ற கேள்விக்கான சொல் புரோக்னோசிஸ். ஐந்தாண்டு உயிர்வாழ்வு 70 சதவீதம் என்றால், நோய் கண்டறியப்பட்ட 100 பேரில் 70 பேர் ஐந்தாண்டு முடிவில் உயிரோடு இருந்தார்கள் என்று பொருள். ஐந்தாண்டோடு வாழ்வு முடிகிறது என்றல்ல. அந்தக் கணக்கில் இருப்பவர்கள் சில ஆண்டுகளுக்கு முன்பு, அன்றைய மருந்துகளோடு சிகிச்சை பெற்றவர்கள் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். ஒரு கூட்டத்தைப் பற்றிய எண் அது. எதிரே உட்கார்ந்திருக்கும் ஒருவரின் வயது, உடல்நிலை, கட்டியின் தன்மை எல்லாம் அதில் கரைந்துபோயிருக்கும்.

ரெமிஷன் என்ற சொல்லையும் இங்கேதான் அளந்து வாசிக்க வேண்டும். நோயின் தடயம் இப்போது தென்படவில்லை அல்லது வெகுவாகக் குறைந்திருக்கிறது என்பதே அதன் பொருள். குணமாகிவிட்டது என்பது அதற்கு அடுத்த பேச்சு. இரத்தப் புற்றுநோயான அக்யூட் லுக்கீமியாவில் எலும்பு மஜ்ஜையில் புற்றுச் செல்கள் 5 சதவீதத்துக்குக் கீழே வந்து, இரத்த அணுக்களும் மீண்டிருந்தால் முழு ரெமிஷன் என்பார்கள். மைக்ராஸ்கோப்புக்குத் தப்பிய செல்கள் அப்போதும் உடலில் இருக்கலாம். அதனால்தான் அக்யூட் லிம்ஃபோபிளாஸ்டிக் லுக்கீமியா வந்த குழந்தைக்குச் சில வாரங்களிலேயே ரெமிஷன் கிடைத்து, குழந்தை ஓடியாடி விளையாடிக்கொண்டிருந்தாலும், மொத்தச் சிகிச்சை இரண்டு மூன்று ஆண்டுகள் வரை தொடர்கிறது.